ஏழாம் காம்பரா இரண்டு தடவை வெளியேறியது

மஸ்கெலியாவுக்கு மேலே ஏறுகிற தோட்டங்களில் ஆடி மாதத்துப் பனியைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்க வேண்டும். அது பனியே இல்லை, வெள்ளைச் சுவர். அந்தச் சுவரில் ஆணி அடித்து, குடையை மாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன கங்காணி ஒருவர் இருந்தார். மத்தியானம் வெயில் வந்ததும் குடையும் ஆணியும் தனித்தனியாகக் கீழே கிடந்தனவாம். நம்பாதவர்கள் ஹட்டனில் பஸ் ஏறி வந்து, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, தங்கள் கையைத் தாங்களே தேடிப் பார்க்கட்டும்.

ஜீவராணி பிறந்து வளர்ந்தது அந்தச் சுவருக்குள்தான். காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு வரிசையாக ஒட்டிய நீண்ட லயத்தில் எட்டாவது காம்பரா அவர்களுடையது. அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மூணுல இன்னைக்கு ஒடம்பு சரியில்ல", "பத்துல பொண்ணு பாக்க வந்திருக்காங்க", "அஞ்சு இருக்காங்களே, அவங்க மாடு கன்னு போட்டுருச்சு" என்றுதான் பேச்சு. ஜீவராணிக்கும் அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியிருந்தது. உயர்தரத்தில் கணிதம் படித்து, கம்பஸ் போக நாலே நாலு புள்ளி குறைந்துபோய், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றபோது, தங்குமிடத்துப் பெண்களைக் கட்டில் நம்பரை வைத்தே அவள் கூப்பிட்டாள். ஒன்பதாம் கட்டிலுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தும் ஒன்பதாம் கட்டிலின் பேர் ஜீவராணிக்குத் தெரியாது என்பதுதான் சண்டைக்குக் காரணம்.

அந்தத் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாடம் பார்த்து, கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். பிறகு ஹட்டனில் ஒரு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தொன்பதாவது வயதில் கொழும்புக் கொம்பனி ஒன்று அவளை வீட்டிலிருந்தே வேலை செய்ய எடுத்தது. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் இல்லை. இல்லாவிட்டால் மறுபடியும் துணிக்கடை, மறுபடியும் கட்டில் நம்பர். இங்கே அம்மா, அம்மாக்கண்ணு, தனியாக. அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது. பனி நாளில் பாதைக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் ஜீவராணிக்கு இந்த வேலை வேண்டும். மூன்று மாதம் முடிகிற நாள் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

என்ன வேலை என்று அம்மாக்கண்ணு கேட்டபோது அவள் இப்படிச் சொன்னாள்:

"ஒரு புரோகிராமுக்குள்ள நெறைய பேரு ஒரே நேரத்துல வேல செய்வாங்கம்மா. ஒரே மலையில நெரை புடிச்சு கொழுந்து எடுக்குற மாதிரி. அவங்களுக்குத் திரெட்டுன்னு பேரு. டிபக்கருன்னு ஒண்ணு இருக்கு. அது மேட்டுல நிக்கிற கங்காணி. நில்லுன்னா அம்புட்டு பேரும் கை தூக்குன எடத்துலயே நிப்பாங்க. கூடையில என்னா இருக்குன்னு பாத்துட்டு, போன்னா போவாங்க."

"சரி. கங்காணிக்கே கண்ணு தெரியலைன்னா?"

"அதப் பாக்குறதுதான் என் வேல."

"அப்ப நீ கங்காணிக்கு மேல கங்காணி. ஒங்க அப்பா இருந்திருந்தா இதக் கேட்டுச் சிரிச்சே செத்திருப்பாரு."

அவளுக்குக் கொடுத்திருந்த பகுதி சின்னதுதான். ஒரு திரெட் வேலையை முடித்து வெளியேறினால், டிபக்கர் அதைக் கவனித்து "இன்ன திரெட் வெளியேறியது" என்று ஒரு வரி எழுத வேண்டும். போனவர்களைப் போனார்கள் என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை மட்டும் சொல்ல வேண்டும். போகாதவர்களைப் போனார்கள் என்று சொல்லக் கூடாது. அந்த வரிகளைச் சோதிக்க ஜீவராணி ஒரு புரோகிராம் எழுதினாள். அதில் பன்னிரண்டு திரெட்டுகள், லயத்துக் காம்பராக்கள் மாதிரி. டிபக்கர் எழுதும் ஒவ்வொரு வரியிலும் அந்தத் திரெட் குடியிருக்கும் இடத்தைச் சொல்லும் நீளமான எண் ஒன்று இருக்கும். பக்கத்தில் குட்டி எண் ஒன்றும் இருக்கும். ஜீவராணி நீளமான எண்ணை எடுத்துக்கொண்டாள். முதலில் தெரிந்த இடம் ஒன்றாம் காம்பரா, அடுத்தது இரண்டாம் காம்பரா என்று பேர் வைத்தாள். குட்டி எண்ணை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

விளையாட்டாக ஒவ்வொரு காம்பராவுக்கும் அதனதன் வேலையைக் கொடுத்தாள். மூன்று மெதுவாகக் கூட்டிப் பெருக்கும். பத்து சும்மா நூறுவரை எண்ணிக்கொண்டிருக்கும். எல்லோரும் முடித்து வரும்வரை தலைமைத் திரெட் வாசலில் காத்திருக்கும். ஏழாம் காம்பராவுக்கு மட்டும் வேலை இல்லை. வரும், உடனே போகும். அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம் என்றும் எழுதிவைத்தாள்.

ஏனென்றால் நிஜ லயத்தில் ஏழாம் காம்பரா மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

அங்கே இருந்தவள் காளியாயி. புருஷன் இல்லை, பிள்ளை குட்டி இல்லை. நல்ல பனியில் ஒரு காலை, விறகு பொறுக்கப் போகிறேன் என்று கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்மலைப் பக்கம் போனாள். வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். தலையில் கட்டியிருந்த துணி மட்டும் ஒரு தேயிலைச் செடிமேல், துவைத்துக் காயப்போட்டது மாதிரி ஒழுங்காக விரித்துக் கிடந்தது. சிறுத்தை என்றார்கள் சிலர். கீழே நீர்த்தேக்கத்தைக் கை காட்டினார்கள் சிலர். பூட்டை உடைக்க ஒருத்தரும் முன்வரவில்லை. காத்திருக்கவும் ஆளில்லை.

சோதனை முதல் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டு பேர் வந்தார்கள், பன்னிரண்டு பேர் போனார்கள். மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திரையில் சிவப்பு எழுத்து வந்தது. ஏழாம் காம்பரா வெளியேறியது. கொஞ்சம் கழித்து, ஏழாம் காம்பரா மறுபடியும் வெளியேறியது. பன்னிரண்டாம் காம்பரா திறக்கவே இல்லை.

போனவள் எப்படி மறுபடி போவாள்? ஜீவராணி திரும்ப ஓட்டினாள். சரியாக வந்தது. இன்னொரு தடவை. சரி. பத்தாவது தடவை, மறுபடியும் ஏழு, இரண்டு முறை.

கொழும்பில் அவளுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் யோகேஸ்வரன். ராகலைத் தோட்டத்து லயத்தில் பனிக்குள் வளர்ந்த பிள்ளை, கொழும்புக்குப் போய்ப் பத்து வருஷமாகியும் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாதவன். அவனுடைய மெஷினில் அதே சோதனையை ஐநூறு தடவை ஓட்டினான். ஒரு தடவைகூடப் பிழை வரவில்லை.

"ஒங்க ஊருலதான் வருது ஜீவா," என்றான் போனில். "எங்க ஊருல வரல."

"எங்க ஊருலயும் எப்பவும் வரலண்ணே."

"எப்ப வருது?"

ஜீவராணி பிழை வந்த நேரங்களைக் குறித்து வைத்திருந்தாள். செவ்வாய் காலை. வியாழன் மத்தியானம். சனி காலை ஒன்பதரை. எல்லாம் பனி இறங்கிய நேரம். வெயில் அடித்தால் ஏழு ஒழுங்காக ஒரு தடவை போனாள். பனி வந்தால் இரண்டு தடவை போனாள்.

"பனி எறங்குனா வருதுண்ணே," என்றாள்.

"அத அப்பிடியே ரிப்போர்ட்டுல எழுதிறாத," என்றான் யோகேஸ்வரன்.

மூன்று மாதம் முடிகிற கடைசி வாரத்தில்தான் ஆறாம் காம்பராச் சின்னராசா வாசலில் வந்து நின்றார். தோட்டத்துக் காவல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபிறகும் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று இஸ்தோப்பு வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். சம்பளம் இல்லாத காவல்.

"அம்மாக்கண்ணு, ஏழுல ஆள் நடமாட்டம் இருக்கு," என்றார்.

"எலியா இருக்கும்."

"எலி சேல கட்டுமா? பனிக்குள்ள வெளிய போனா. முதுகப் பாத்தேன். ரெண்டு தடவ போனா. உள்ள வந்ததப் பாக்கல."

உள்ளே லெப்டொப் முன்னால் உட்கார்ந்திருந்த ஜீவராணியின் கை நின்றது. "மாமா, எத்தன தடவைன்னீங்க?"

"ரெண்டு தடவ, புள்ள. மொத தடவ போனவ திரும்பி வராம எப்பிடி ரெண்டாவது தடவ போவா? அதத்தான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். சோறு எறங்கல."

"சோறுதான் எறங்கல போல," என்றாள் அம்மாக்கண்ணு. "நேத்து எங்க வீட்டு ரொட்டி நாலு எறங்குச்சு."

சின்னராசா கோபித்துக்கொண்டு போய்விட்டார். அம்மாக்கண்ணு மட்டும், அவர் போனபிறகு, ஏழாம் காம்பராப் பக்கத்துச் சுவரில் ஒரு கணம் காதை வைத்தாள். லயத்துச் சுவர்கள் கூரைவரை எட்டாது. பக்கத்து வீட்டில் கொட்டாவி விட்டால் இங்கே தூக்கம் வரும். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இப்போதும் இல்லை. "நனைஞ்ச மண்ணு வாசம் வருது," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வியாழக்கிழமை மத்தியானம் யோகேஸ்வரன் கூப்பிட்டான். அவனுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நான் பதில் சொல்லியாகணும் ஜீவா. ரெண்டு வழி இருக்கு. டிபக்கர் பிழை, ஒரே ஆள் ரெண்டு தடவ போனான்னு சொல்லுதுன்னு அத எழுதுனவங்களுக்கு அனுப்பலாம். அவங்க ஓட்டிப் பாத்து சரியா வந்துச்சுன்னா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

"மத்த வழி?"

"ஏழ எடுத்துரு. பதினொண்ணோட ஓட்டு. எல்லாம் பச்சையா வரும். நூறு தடவ ஓடுன பதிவ அனுப்பு. நான் கையெழுத்து வைக்கிறேன். நீ வீட்டுலயே இருந்து வேல பாக்கலாம். ஒங்கம்மா கண்ணப் பத்தி எனக்குத் தெரியும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஜீவராணியும் அதை எடுத்துவிட்டாள். ஏழாம் காம்பரா பற்றிய ஆறு வரிகளைக் குறித்து, அழித்தாள். ஓட்டினாள். பதினொரு பேர் வந்தார்கள், பதினொரு பேர் போனார்கள். திரை பச்சைத் தேயிலை மாதிரி இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே இருந்து போடுகிற தாழ்ப்பாள்.

அடுப்படியில் அம்மாக்கண்ணு தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். மறுபடி சத்தம் வரவில்லை. ஜீவராணி வெளியே போய்ப் பார்த்தாள். ஏழாம் காம்பராக் கதவில் துருப் பிடித்த பூட்டு, பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டைத் தொடாமல் திரும்பி வந்தாள். அழித்த ஆறு வரிகளையும் திரும்ப எழுதினாள்.

"என்னாத்துக்கு?" என்று அம்மாக்கண்ணு கேட்கவில்லை. "எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பனி இறங்கியது. முற்றத்துக் கறிவேப்பிலை மரம் முதலில் போனது, பிறகு முற்றம் போனது. ஈரத்தில் வயர் எங்கோ தொட்டு, வழக்கம்போலக் கரண்டும் போனது. லெப்டொப் பெட்டரியில் இருக்கிறேன் என்று ஒரு சத்தம் போட்டுத் திரையை மங்கலாக்கிக்கொண்டது. ஜீவராணி சோதனையை ஓட்டினாள். ஏழாம் காம்பரா வெளியேறியது. ஏழாம் காம்பரா வெளியேறியது.

"ஜீவா," என்று வெளியே சின்னராசா மெல்லிய குரலில் கூப்பிட்டார். மனிதர் சத்தமாகப் பேசியே பழக்கப்பட்டவர். "புள்ள, வந்து பாரு. இப்பதான் ஒரு தடவ போனா."

அவள் இஸ்தோப்புக்கு வந்தாள். சின்னராசா ஸ்டூலில் இல்லை. சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். ஏழாம் காம்பராக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கறுப்பு. பூட்டு வாயைப் பிளந்து வளையத்தில் ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

உள்ளே இருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். தலையில் துணி. முதுகைக் காட்டி, படி இறங்கி, பனிக்குள் நாலு எட்டு வைத்தாள்.

"இது ரெண்டாவது," என்றார் சின்னராசா.

"ஏழு," என்று ஜீவராணி கூப்பிட்டாள். அந்த உருவம் நிற்கவில்லை. "ஏழாம் காம்பரா," என்றாள் மறுபடி. உருவம் போய்க்கொண்டே இருந்தது. அந்த லயத்தில் பிறந்த எவளும் அதற்குத் திரும்பாமல் இருக்க மாட்டாள்.

"ஏங்க," என்றாள் கடைசியாக. "ஒங்களத்தாங்க."

அவள் திரும்பினாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு வாளி. "என்னையவா கூப்புட்டீங்க? பைப்பு எந்தப் பக்கம்னு தெரியலைங்க, தேடிக்கிட்டு இருந்தேன். நான் நிஷாந்தி."

நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் அவளுடையது. போன மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, ஆட்களை வேறு வேறு இடங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இங்கே ஏழாம் காம்பரா. "கடுதாசி மட்டும் குடுத்தாங்க. சாவி இல்ல, பூட்ட ஒடைச்சுக்கன்னாங்க. ஒடைக்கத் தேவைப்படலைங்க. தொறந்துதான் இருந்துச்சு. உள்ள ஒரு அம்மா கூட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் மூட்டையோட வாசல்ல நின்னதும், வெளக்கமாத்தச் சுவத்துல சாத்திட்டு, வழி விட்டு வெளிய போனாங்க. இப்பதான், செத்த முன்ன. நீங்க பாக்கலையா?"

"தலையில துணி கட்டியிருந்தாங்களா?" என்றாள் ஜீவராணி.

"இல்லைங்க. தலையில ஒண்ணும் இல்ல. முடியெல்லாம் நனைஞ்சு தண்ணி சொட்டுச்சு."

சின்னராசா ஆறாம் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு முழுக்க அவர் வெளியே வரவில்லை.

ஜீவராணி நின்ற இடத்திலேயே இரண்டு ஆளாகப் பிரிந்தாள். ஒருத்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் போனது ஒரு ஆள். அதே காம்பராவுக்குள் வந்தது வேறு ஆள். பிறகு அந்த வேறு ஆள் வெளியே வந்தது. பனிக்குள் சின்னராசாவுக்குக் காம்பரா மட்டும்தான் தெரிந்தது, உள்ளே வந்தவள் தெரியவில்லை. அதனால் ஒருத்தியே இரண்டு தடவை போனாள் என்றார். கண்ணில் கோளாறு இல்லை. ஆளை இடத்தை வைத்துச் சொன்னதில்தான் கோளாறு.

உள்ளே ஓடினாள். ஏழு என்று தான் பேர் வைத்திருந்த அந்த இரண்டு வரிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். நீளமான எண் இரண்டிலும் ஒன்று. இரண்டு மாதமாகத் திரும்பிப் பார்க்காத குட்டி எண், சிஸ்டம் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்கிற எண், வேறு வேறு. வந்த உடனே போய்விட்ட ஏழாவது திரெட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனால் சிஸ்டம் அதன் இடத்தை அப்போதே எடுத்து, பின்னால் வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டது. அவரும் வேலை முடித்துப் போனார். டிபக்கர் இருவரையும் சரியாகத்தான் சொல்லியிருந்தது. ஜீவராணிதான் லயத்துப் பழக்கத்தில், இருவருக்கும் ஏழு என்று பேர் வைத்திருந்தாள்.

பனி என்னவென்றும் விளங்கியது. பனி வந்தால் கரண்ட் போகும், லெப்டொப் பெட்டரியில் மெதுவாக ஓடும், பின்னால் வருகிறவர்கள் வந்து சேருமுன் ஏழு போய்விடுவாள். கொழும்பு மெஷின் வேகமானது. ஏழு வாசலைத் தாண்டுமுன் பன்னிரண்டு பேரும் வந்து குடியேறிவிடுவார்கள்.

மணி பதினொன்று இருபது. போனில் யோகேஸ்வரனிடம் சொன்னாள். ஒளிக்கவில்லை.

"டிபக்கர்ல பிழ இல்லண்ணே. என் சோதனதான் பிழ. எடத்தப் பாத்து எண்ணுனேன், ஆளப் பாத்து எண்ணல."

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமா."

"நேத்து நான் எடுக்கச் சொன்னத எடுத்திருந்தா இது வெளியவே வந்திருக்காது. தெரியுமில்ல?"

"எடுத்தேன். திரும்பப் போட்டேன்."

"ஏன்?"

ஜீவராணி சுவரைப் பார்த்தாள். "பக்கத்து வீட்டுல சத்தம் கேட்டுச்சுண்ணே."

அவன் அதற்குள் போகவில்லை. "போனவங்க எடத்துக்கு இன்னொருத்தர் வந்துட்டு அவங்களும் போனா, ரெண்டையும் சரியாச் சொல்லுதான்னு இதுவரைக்கும் நாம சோதிக்கவே இல்ல. அது இப்ப ஒன்கிட்ட இருக்கு. திருத்து. நூறு தடவ ஓட்டுன பதிவு பன்னெண்டுக்கு முன்ன எனக்கு வரணும். அது வந்தா மிச்சத்த நான் பேசிக்கிறேன். வரலைன்னா எனக்குப் பேச வாயில்ல."

திருத்த ஏழே நிமிஷம் போனது. பெட்டரியில் மிச்சம் பத்தொன்பது சதவீதம். நூறு ஓட்டத்தைத் தொடங்கினாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. இருபது, சரி. ஏழு போனாள், அவள் இடத்துக்கு வந்தவர் போனார், இருவரும் தனித்தனியாக எண்ணப்பட்டார்கள்.

அம்மாக்கண்ணு புதிதாக வந்தவளுக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுபோனாள். திரும்பி வரும்போது கிளாஸில் தேத்தண்ணி அப்படியே இருந்தது. மறந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஜீவா," என்றாள். "அந்தப் புள்ளகிட்ட காளியாயி பேசிட்டுத்தான் போயிருக்கா."

"என்னா சொன்னாங்களாம்?"

"எட்டுல ஒரு பொண்ணு இருக்கு. தெனம் நூறு தடவ என்னையக் கூப்புட்டு உள்ள விட்டு, ஒடனே வெளிய அனுப்புது. வேலையும் குடுக்க மாட்டேங்குது, ஒக்காரவும் விட மாட்டேங்குது. காலு கடுக்குது. இனிமே நீ பாத்துக்கன்னாளாம்."

ஜீவராணி ஒரு விசையைத் தட்டி ஓட்டத்தை நிறுத்தினாள். திரையில் எழுபத்துமூன்று என்று நின்றது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பெட்டரி ஒன்பது. அம்மாவின் புரைக் கண் பனி வெளிச்சத்தில் பால் மாதிரி இருந்தது.

அவள் எழுந்து ஏழாம் காம்பராச் சுவருக்குப் பக்கத்தில் போனாள். அந்தப் பக்கம் நிஷாந்தி மூட்டை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"காளியாயிப் பெரியம்மா," என்றாள் சுவரிடம், தாழ்ந்த குரலில். "இன்னும் இருவத்தேழு தடவதான். தயவு பண்ணி வாங்க. எனக்கு வேற வழி இல்ல."

திரும்பி வந்து விசையைத் தட்டினாள். எழுபத்துநான்கு. எழுபத்தைந்து. அம்மாக்கண்ணு ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தொண்ணூறு. பெட்டரி ஆறு. தொண்ணூற்றொன்பது. நூறு. எல்லாம் பச்சை. பதினொன்று ஐம்பத்தாறுக்குப் பதிவை அனுப்பினாள். போனில் சிக்னல் ஒரு கோடு காட்டி, மறைந்து, மறுபடி காட்டியபோது, பதிவு போய்ச் சேர்ந்திருந்தது.

பன்னிரண்டரைக்கு யோகேஸ்வரன் கூப்பிட்டான்.

"நூறும் சரி. பேசிட்டேன். திங்கக்கெழமையில இருந்து நீ எங்க ஆளு. அங்கயே இருந்து வேல பாரு."

"சரிண்ணே," என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதிவப் பாத்துக்கிட்டு இருக்கேன். மொத எழுவத்துமூணு தடவையும் ஏழு வந்த ஒடனே போறா. கடைசி இருவத்தேழு தடவையும் நின்னு நின்னு போறா. மூணு செக்கன், நாலு செக்கன். வேலையே இல்லாத திரெட்டு. ஏன் இவ்வளவு மெதுவா?"

ஜீவராணி அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"காலு கடுக்குதாம்ண்ணே," என்றாள் ஜீவராணி.

யோகேஸ்வரன் ராகலைக்காரன். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.